செயற்கைக்கோள் பார்த்தது போக மீதி: ராமநாதபுரம் களக் குறிப்புகள்

ஞாயிறு, பரமக்குடி

இந்த வாரம் முழுக்க ராமநாதபுரம் மாவட்டத்தில்தான். அன்றன்றைக்குப் பார்த்ததை ராத்திரி வந்து இங்கே எழுதிப் போடுகிறேன். என் வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: செயற்கைக்கோள் படங்களை வைத்து எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று வரைபடம் போடுவது, பிறகு அந்த வரைபடம் எவ்வளவு தூரம் சரி என்று நேரில் போய்ப் பார்ப்பது. முதல் பாதியை அறையில் உட்கார்ந்தே செய்துவிடலாம். இரண்டாவது பாதிக்குத்தான் இந்தப் பயணம்.

படங்கள் ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 எடுத்தவை. முதல் செயற்கைக்கோள் 2015ல் போனது, அதன் ஜோடி 2017ல். ஜோடியாகச் சுற்றுவதால் 5 நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்தைப் படம் பிடிக்கும், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பிக்சல் (படத்தின் மிகச் சின்னக் கட்டம்) 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். அரை ஏக்கர் வயலுக்கு 20 பிக்சல் வரும், அதில் வரப்பும் பக்கத்து வயலும் கலந்த ஓரத்துப் பிக்சல்களைக் கழித்தால் பாதி தேறினாலே பெரிது. அமெரிக்காவின் லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒரு பிக்சலே 22 சென்ட். அதை வைத்து இந்த ஊர் வயல்களைப் பிரிப்பது கஷ்டம், ஆனால் 1980களிலிருந்து அதே அளவில் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது என்பதால் பழைய கதைக்கு அதை விட்டால் வேறு வழியில்லை.

ஏன் இந்த மாவட்டம் என்றால், என் வரைபடத்தில் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி பக்கமெல்லாம் பெரிய பெரிய திட்டுகளாக ‘முட்புதர்’ என்று வந்து நிற்கிறது. மத்திய அரசு 2019ல் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பில் தரிசை 23 வகையாகப் பிரித்திருக்கிறார்கள், முட்புதர் நிலமும் அதில் வருகிறது. தரிசு என்று ஒரு தடவை வரைபடத்தில் ஏறிவிட்டால், அப்புறம் எந்தத் திட்டத்துக்கு இடம் தேடினாலும் முதலில் விரல் போய் நிற்பது அங்கேதான். அதனால் அந்த நிறத்தை அடிப்பதற்கு முன்னால் அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். படத்தில் தெரிவது நிலத்தின் மேல் இருக்கும் போர்வை. அந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதை ஆட்களிடம்தான் கேட்க முடியும்.

போய்ப் பார்க்க வேண்டிய இடங்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு வகை நிலத்துக்கும் இத்தனை புள்ளிகள் என்று சொல்லி, கணினியையே குலுக்கல் முறையில் எடுக்க விட்டேன். நாமே தேர்ந்தெடுத்தால் ரோட்டோரத்து இடங்களாகத்தான் எடுப்போம், ரோட்டோரத்து நிலம் எப்போதுமே உள்ளே இருக்கும் நிலத்தைப் போல இருப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1970ல் சொன்னது: எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் தொடர்பு உண்டு, ஆனால் பக்கத்தில் இருப்பவற்றுக்குத் தொடர்பு அதிகம். இது நெல், இது மிளகாய் என்று கணினிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வயலுக்கு அடுத்த வயலிலேயே பரீட்சையும் வைத்தால் மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும், அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அதனால் சோதனைப் புள்ளிகளை வேறு வேறு ஊர்களில் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறோம். நடை அதிகம்தான்.

திங்கள், முதுகுளத்தூர் சாலை

காலை 7 மணிக்கெல்லாம் வயலில் இறங்கிவிட்டோம். நான், ஆராய்ச்சி மாணவன் ஒருவன், வண்டி ஓட்டும் அண்ணன். பிப்ரவரி இந்தப் பக்கம் பார்ப்பதற்கு நல்ல மாதம். நெல் அறுப்பு பெரும்பாலும் முடிந்து தாள் நிற்கிறது, குண்டு மிளகாய் பழுக்க ஆரம்பித்திருக்கிறது, சில இடத்தில் நெல்லுக்குப் பின்னால் பருத்தி ஊன்றியிருக்கிறார்கள். கண்மாய்களில் கொஞ்சம் தண்ணீரும் கிடக்கிறது.

மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதனால் நாற்றங்கால், நடவு என்பதெல்லாம் இங்கே குறைவு, மழை வரும் என்ற நம்பிக்கையில் புரட்டாசியிலேயே புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். வந்தால் விளைச்சல். அந்த நம்பிக்கை செயற்கைக்கோளிலும் தெரியும்: செப்டம்பர் படத்தில் வயல்கள் உழுது வெறும் மண்ணாகக் கிடக்கும், அந்த ஒரு படத்தை மட்டும் பார்ப்பவர் எதுவும் விளையாத பூமி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்.

முதல் புள்ளி ஒரு மிளகாய்க் காட்டில். கரிசல் மண், வெடிப்பு விட ஆரம்பித்திருக்கிறது. செடிக்குச் செடி நல்ல இடைவெளி, இடையில் மல்லி போட்டு எடுத்த தடம். என் வரைபடத்தில் இந்த இடம் ‘நடப்புத் தரிசு’. ஏன் என்று அங்கே நின்று பார்த்தாலே விளங்குகிறது. மேலேயிருந்து பார்க்கும்போது இலையைவிட மண்தான் அதிகம் தெரியும். இந்தியாவில் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் (2023ல் கிடைத்தது), ஆனால் பிக்சலுக்கு அது வெறும் மண்.

பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன தாயி, அளக்க வந்திருக்கீகளா?”

“அளக்கலம்மா. யார் யார் என்ன வெள்ளாமை வச்சிருக்கீங்கன்னு பார்க்க வந்தோம்.”

“அதுக்கு இந்த மிசினு எதுக்கு, கேட்டாச் சொல்லப்போறோம்.”

கேட்டோம், சொன்னார். இந்த வருசம் மிளகாய், போன வருசம் சும்மா போட்டுவிட்டார்கள், அதற்கு முந்தின வருசம் நெல். “ஒண்ணையே வச்சுக்கிட்டு இருந்தா மண்ணு சலிச்சுப் போகும்ல” என்றார். கால் மணி நேரத்தில் அந்த வயலைச் சுற்றியிருக்கும் ஏழெட்டு வயல்களின் மூன்று வருசக் கதை கையில் இருந்தது. எந்த வயல் யாருக்குக் குத்தகை, எந்த வயலில் பம்புசெட் இருந்தும் தண்ணீர் உப்பு என்பது உட்பட.

எனக்கு இதில் கிடைத்தது பெரிய விஷயம். ஒரு நாள் படத்தை வைத்து இங்கே எதையும் பிரிக்க முடியாது, வருசம் முழுக்க எடுத்த படங்களை வரிசையாக அடுக்க வேண்டும். இலையில் இருக்கும் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், அண்மை அகச்சிவப்பை இலை நிறையத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண்தான் என்டிவிஐ, பசுமையின் அளவு. நெல் வயலில் இது டிசம்பரில் உச்சத்துக்குப் போய் பிப்ரவரியில் விழும். நெல்லுக்குப் பின் பருத்தி போட்டால் ஏப்ரலில் இன்னொரு முறை ஏறும். சீமைக்கருவேலம் சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். அப்போ ஏப்ரலில் பருத்தியும் கருவேலும் ஒன்று போலத் தெரியுமே என்றால், தெரியும்தான். மழைக்கு முந்தின செப்டம்பருக்குப் போய்ப் பார்த்தால் பருத்தி இருக்காது, கருவேலம் இருக்கும். ஒரே நிலத்தை இப்படி நாலு மாதம் நாலு விதமாகப் பார்த்தால்தான் பிரிகிறது.

செவ்வாய், கமுதிக்குத் தெற்கே

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

காலையில் போன புள்ளிகள் எல்லாமே ‘முட்புதர்’ வகை. முதல் மூன்றுக்குள் நுழையவே முடியவில்லை, சீமைக்கருவேல முள் அப்படி. இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம்: தடத்திலேயே நின்று, புள்ளி எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்து, அந்தத் திசையில் படம் எடுத்துக்கொள்வது. போனில் இருக்கும் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும், அது 10 மீட்டர் பிக்சலுக்குப் பரவாயில்லை.

நாலாவது புள்ளிக்குப் போனால் மரமே இல்லை. வரைபடத்தில் அடர் முட்புதர், நேரில் மொட்டை நிலம், நடுவில் மண் பூசிய மேடு, அதிலிருந்து புகை. கரிமூட்டம்.

மூட்டம் போட்டுக்கொண்டிருந்தது ஒரு குடும்பம், புருசன், மனைவி, மனைவியின் தம்பி. பக்கத்தில் இன்னொரு மூட்டம் பாதி அடுக்கிய நிலையில் இருந்ததால் முழு வேலையையும் பார்க்க முடிந்தது. வெட்டிய விறகை ஒரே நீளத்துக்குத் துண்டு போட்டு, தூர்க்கட்டைகளை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சின்ன விறகை நெருக்கி நெருக்கி அடுக்குகிறார்கள். சந்து இருக்கக் கூடாது, இருந்தால் காற்றுப் போய் அந்த இடம் சாம்பலாகிவிடும். அடுக்கி முடித்ததும் மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈர மண்ணைக் குழைத்துப் பூசி, அடியில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் விடுகிறார்கள். உச்சியில் தீ. அதற்கப்புறம் பல நாள் ராத்திரி பகலாக யாராவது ஒருத்தர் விழித்திருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எதைப் பார்ப்பது என்று கேட்டேன். புகையைத்தான். வெள்ளையாக, கனமாக வந்தால் இன்னும் ஈரம் போகவில்லை. மெலிந்து நீலம் பாய்ந்தால் அந்தப் பக்கம் வெந்துவிட்டது, உடனே அந்த ஓட்டையை அடைத்துவிட வேண்டும், விட்டால் கரி எரிந்து போகும். எங்கேயாவது மண் உள்வாங்கி வெடித்தால் ஓடிப்போய்ப் பூச வேண்டும். அந்தத் தம்பி பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஒரு வெடிப்பில் கைநிறைய மண்ணை வைத்து அழுத்திவிட்டு வந்தார், கை அந்தச் சூட்டுக்குப் பழகியிருந்தது.

நிலம் அவர்களுடையது இல்லை. பட்டாதாரர் சென்னையில் இருக்கிறார், வெட்டு மட்டும் இவர்களுக்குக் குத்தகை. “வெட்டிட்டா அப்புறம்?” என்றேன். “தூரைத் தோண்டாத இடத்துல திரும்பத் துளுத்துரும். மூணு நாலு வருசம் கழிச்சு வந்து மறுபடி வெட்டுவோம்.”

ராத்திரி அறைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த இடத்தின் பழைய படங்களையெல்லாம் எடுத்து என்டிவிஐ வரைகோடு போட்டுப் பார்த்தேன். கோடு மேலேயே போய்க்கொண்டிருக்கிறது, திடீரென்று ஒரு மாதத்தில் செங்குத்தாக விழுகிறது, அப்புறம் மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சில வருசத்தில் பழைய உயரத்துக்கு வந்து, மறுபடி விழுகிறது. ரம்பத்தின் பல் மாதிரி. விழும் இடத்தின் உருவத்தைப் பார்த்தால் நேர்நேரான ஓரங்கள், சர்வே எண் எல்லையோடு ஒட்டிப் போகிறது. இயற்கையாகக் காய்ந்தால் இப்படி நேர்கோட்டில் காயாது. மனிதர்கள் முறை வைத்து அறுவடை செய்யும் நிலம் இது. நெல்லுக்கு நாலு மாதம், இதற்கு நாலு வருசம். நாம் இதற்கு வைத்திருக்கும் பெயர் தரிசு.

இந்த மரத்துக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்திய, தென் அமெரிக்கப் பக்கத்து மரம், ஆடு மாடு காயைத் தின்று போட்ட இடமெல்லாம் முளைத்து, கண்மாயையும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் அடைத்துவிட்டது, அதை இந்த வாரமே பார்க்கத்தான் போகிறோம். 2017ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும், அதே ஆண்டு அதற்குத் தடை வந்ததும் இந்தப் பக்கம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. வெட்டலாமா கூடாதா என்பது வேறு விவாதம். ஆனால் அந்த விவாதத்துக்கு முன்னால், இதை வைத்து எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது, எந்த நிலத்தில், எந்த முறையில் என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும். இப்போது இல்லை.

புதன், செங்கப்படை பக்கம்

கமுதி சோலார் மின்நிலையத்தைப் பல பேர் படத்தில் பார்த்திருப்பீர்கள். 648 மெகாவாட், ஏறத்தாழ 2,500 ஏக்கர், 2016ல் முடிந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சோலார் நிலையம் என்று பேசினார்கள். எங்கள் வேலையில் இது வேறு விதத்தில் பிரசித்தம்: சோலார் தகடு கருநீலமாக, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பாமல் இருப்பதால் சில தானியங்கி வகைப்பாடுகள் இந்த மாதிரி இடங்களைத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும். ராமநாதபுரத்தின் வறண்ட பகுதியில் 2,500 ஏக்கர் ஏரி! இதைச் சரிசெய்வது சுலபம், ரேடார் படத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும். தண்ணீர் ரேடாரில் கறுப்பாக இருக்கும், இரும்புச் சட்டங்கள் பளிச்சென்று மின்னும்.

வேலி ஓரமாகப் போகும்போது ஒரு ஆட்டுக் கிடைக்காரரைப் பார்த்தோம். வயசானவர், கையில் துரட்டி, முன்னால் செம்மறி மந்தை. வண்டியை நிறுத்தி இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நிலம் எடுக்கவா வந்திருக்கீக?” இந்த வாரம் போகிற இடமெல்லாம் கேட்கிற கேள்விதான். டேப்லெட்டும் வரைபடமும் வைத்துக்கொண்டு யாராவது வயலில் இறங்கினால் அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பதில் இந்த மக்களுக்கு அனுபவம் இருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் யார், எந்த வேலை, இந்தத் தகவல் எங்கே போகும் என்று முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போகிறேன். அதற்கு நேரம் ஆகும், ஆகட்டும்.

“ஐயா, ஆடு எல்லாம் எங்க மேயும்?” என்று கேட்டதற்கு அவர் கையாலேயே ஒரு வருசத்தை வரைந்து காட்டினார். மழைக் காலத்தில் வயலெல்லாம் பயிர், அதனால் மேட்டாங்காடும் கண்மாய்க் கரையும். தை அறுப்பு முடிந்ததும் தாள் வயல். ராத்திரிக்கு ஒவ்வொரு வயலாகக் கிடை போடுவது, அந்த வயல்காரர் கிடைக் கூலியாக நெல்லோ பணமோ கொடுப்பார். மாசி பிறந்தால் ஒரு பங்கு மந்தை தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பும். “எல்லாரும் போயிற முடியாது தாயி. இங்க கிடக்கிற ஆடு சித்திர வைகாசியில என்னத்தத் திங்குதுன்னு நினைக்கிறீக? இந்தக் கருவங்காயத்தான்.”

சென்டினல்-2 நம் தலைக்கு மேல் போவது காலை பத்தரை மணி வாக்கில். கிடை போடுவது ராத்திரி. அந்த நேரத்தில் 300, 400 ஆடுகள் ஒரு வயலில் படுத்து அடுத்த வருச விளைச்சலுக்கு எரு போடுகின்றன, விடிந்ததும் கிளம்பிவிடுகின்றன. எந்தப் படத்திலும் இது வராது. படத்தின் தெளிவு எத்தனை கூடினாலும், 10 மீட்டர் 1 மீட்டர் ஆனாலும், வராது. இதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

சோலார் வருவதற்கு முன்னால் மந்தை போய்வந்த தடம் எது என்று அவரிடம் கேட்டு 2015க்கு முந்தைய படத்தில் குறித்துக்கொண்டேன். இப்போது வேலியைச் சுற்றிப் போகிறார்கள், தூரம் கூடுதல். மின்சாரமும் வேண்டும்தான், வெயில் இருக்கும் இடத்தில்தான் போட முடியும். அந்தத் தடத்தையும் ஒரு நிலப் பயன்பாடாக யாராவது முன்பே வரைந்து வைத்திருந்தால் நடுவில் ஒரு பாதை விட்டிருக்கலாம் இல்லையா? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழன், சித்திரங்குடி

ஒரே கண்மாய், அதற்கு எத்தனை பெயர்! வருவாய்த் துறைப் பதிவில் கண்மாய்ப் புறம்போக்கு. வனத் துறையில் 1989லிருந்து பறவைகள் சரணாலயம். இப்போது ராம்சர் ஈரநிலமும்கூட (உலக அளவில் முக்கியம் என்று ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்தது), பக்கத்தில் இருக்கும் காஞ்சிரங்குளமும் அப்படித்தான். என் கணினி சொன்னது ‘மரங்கள் அடர்ந்த பகுதி’.

கரை மேல் ஏறி நின்றால் எல்லாமே உண்மை என்று தெரிகிறது. உள்வாயில் தண்ணீர் கிடக்கிறது, தண்ணீருக்குள்ளேயே கருவேல மரங்கள், மரத்துக்கு மரம் கூடு. மஞ்சள் மூக்கு நாரைகள், அரிவாள் மூக்கன்கள், தூரத்தில் கூழைக்கடாக்கள் இரண்டு மூன்று. குஞ்சுகள் இரை கேட்டுக் கத்தும் சத்தம் கரை வரைக்கும் வருகிறது. இது நாட்டுக் கருவேலம், நேற்றும் முந்தாநாளும் பார்த்த சீமைக்கருவேலம் இல்லை. 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கண்மாய்களுக்குள் இந்த மரத்தை நிறைய வைத்தார்கள். தண்ணீரில் நின்றாலும் சாகாது, பறவைகளுக்குத் தோதான கிளை. ஆனால் இரண்டு கருவேலமும் ஒரே கண்மாயில் கலந்து நின்றால் செயற்கைக்கோள் படத்தில் பிரிப்பது பெரும்பாடு. நாங்கள் இப்போது முயன்று பார்ப்பது தண்ணீரின் கணக்கை: வருசத்தில் எத்தனை மாதம் அந்தப் பிக்சலுக்கடியில் தண்ணீர் நிற்கிறது என்று ரேடாரிலிருந்து எடுத்து, அதையும் ஒரு தகவல் அடுக்காகப் படங்களோடு சேர்ப்பது. அதிக நாள் தண்ணீர் நிற்கும் இடத்தில் நாட்டுக் கருவேலமாக இருக்க வாய்ப்பு அதிகம், மேட்டு விளிம்பில் சீமை. இன்றைக்கு எடுத்த புள்ளிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன.

கலுங்குப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். பறவை நல்லா வந்த வருசம் மடைத் தண்ணீரில் எச்சம் கலந்து வரும், வயலுக்கு உரம் பாதி மிச்சம் என்றார் ஒருவர். மழை பொய்த்தால் பறவையும் இல்லை, வெள்ளாமையும் இல்லை. அப்படிப்பட்ட வருசத்துப் படத்தில் இந்தக் கண்மாய் வெறும் காடாக மட்டும் தெரியும், ‘நீர்நிலை’ என்ற நிறம் வரவே வராது. நீர்நிலைகளின் பரப்பு குறைந்துவிட்டது என்று ஒரு வருசத்துப் படத்தை வைத்து எழுதும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இதனால்தான் எனக்குப் பதற்றமாக இருக்கும். கண்மாய் அழிந்ததும் கண்மாய் காய்ந்ததும் ஒன்றல்ல, இரண்டையும் கலந்துவிட்டால் உண்மையிலேயே அழிந்த கண்மாயைக் காப்பாற்ற ஆள் இருக்காது.

சாயங்காலம் இன்னொரு சின்னக் கண்மாய்க்குப் போனோம், ஊர் பெயரை எழுதப் போவதில்லை. ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, இது அந்த வகை. வரத்துக்காலே தெரியவில்லை, அவ்வளவு சீமைக்கருவேலம். உள்வாயின் ஒரு மூலையில் யாரோ நெல் போட்டு அறுத்திருக்கிறார்கள். சட்டப்படி ஆக்கிரமிப்பு. போட்டவர் யார் என்று கேட்டதில், நிலமில்லாத ஒரு குடும்பம் என்று தெரிந்தது.

இந்தப் புள்ளியின் துல்லியமான இருப்பிடத்தோடு என் தரவை வெளியிட்டால், அடுத்த மாதமே அந்தக் குடும்பத்தின் வாசலில் யாராவது போய் நிற்கலாம். ஆராய்ச்சித் தரவைத் திறந்து வைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் இந்த வகைப் புள்ளிகளைச் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இடம் மாற்றித்தான் வெளியிடுவேன், சர்வே எண் எதுவும் போகாது. பகுப்பாய்வுக்கு அசல் இடம் என்னிடம் இருந்தால் போதும்.

வெள்ளி, சாயல்குடி, வாலிநோக்கம்

சாயல்குடி பக்கம் பனங்காடு. பனையின் தலை விரிந்தால் சில மீட்டர்தான், 10 மீட்டர் பிக்சலில் அது மண்ணோடு கரைந்துவிடும். அதனால் என் வரைபடத்தில் இந்தப் பக்கம் பனை என்ற வகையே கிடையாது, ‘திறந்த புதர்’ என்றும் ‘மணற்பாங்கு’ என்றும் மாறி மாறி வருகிறது. கருப்பட்டிக்குப் பேர்போன ஊரில் பனை இல்லாத வரைபடம் சரிப்படாது. அதிகத் தெளிவுள்ள படங்களில் பனையின் நிழல் உருண்டையாக விழுவதை வைத்து எண்ணலாம், அதைத் தனி வேலையாக மாணவனிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதநீர் இறக்கத் தொடங்கவில்லை, பாளை சீவும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன.

வாலிநோக்கத்தில் உப்பளம். பெரிய பாத்தியில் கடல் நீரைத் தேக்கி, வெயிலில் சுண்ட வைத்து, சின்னப் பாத்திக்கு விட்டு உப்பு எடுக்கிறார்கள். மழை மாதங்களில் எல்லாப் பாத்தியும் ஒரே தண்ணீர், மார்ச்சுக்கு மேல் பாதி தண்ணீர், பாதி பளீர் வெள்ளை. கணினி இதை நீர்நிலை, மணல், கட்டடம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தது, பாத்திகளின் சதுர வடிவத்தையும் கணக்கில் எடுத்தால் சரியாகிவிடும். இங்கே அதற்கு மேல் சிக்கல் இல்லை. வெயில்தான் தாங்க முடியவில்லை. கண்ணாடி இல்லாமல் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உப்பு வாருகிறவர்களைப் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

சனி, பரமக்குடி

இன்றைக்குக் காட்டு வேலை இல்லை, பதிவேட்டு வேலை. கமுதிப் பக்கத்து ஒரு கிராம நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்து அடங்கலைப் புரட்டினோம். எந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று எழுதும் கணக்கு. நம் நாட்டில் நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் ஒன்பது வகையாகத் தொகுக்கப்படுவது இப்படிப்பட்ட கிராமக் கணக்குகளிலிருந்துதான். பயிர் வைக்காத வருசம் ஒன்று என்றால் நடப்புத் தரிசு. ஒன்றுக்கு மேல் ஐந்து வருசம் வரை என்றால் இதர தரிசு. அதையும் தாண்டினால் சாகுபடிக்குத் தகுந்த தரிசு.

செவ்வாய்க்கிழமை பார்த்த மூட்டக்காரர்களின் நிலம் இந்த மூன்றாவது வகையில் கிடக்கிறது. அந்த வட்டத்தில் பட்டா நிலமாக இருந்தும் பல வருசம் பயிர் ஏறாத எண்களை எடுத்து, அவற்றின் என்டிவிஐ கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பல எண்களில் அந்த ரம்பப் பல் தெளிவாக இருக்கிறது, சிலவற்றில் இல்லை, பசுமை ஏறி அப்படியே நிற்கிறது, அங்கே யாரும் வெட்டவில்லை. ஒரே பெயருக்குள் இரண்டு விதமான நிலம் இருக்கிறது என்பதை ஆளைக் கேட்காமல் சொல்ல இந்த வரைகோடு உதவும், ஆனால் எந்தக் கோட்டைத் தேட வேண்டும் என்று எனக்குக் காட்டியது அந்தக் குடும்பம்.

ஆகவே முடிவு செய்திருப்பது இது. ‘முட்புதர்’ என்ற ஒரே வகையை உடைக்கிறேன். முறை வைத்துக் கரிக்கு வெட்டப்படும் நிலம் ஒரு வகை. வெட்டாமல் அடர்ந்துவிட்டது இன்னொன்று. கண்மாய்க்கும் வரத்துக்காலுக்கும் உள்ளே புகுந்தது மூன்றாவது, அகற்றுவது பற்றிப் பேச வேண்டியது முதலில் இதைத்தான். மேய்ச்சலுக்கு நிறம் கிடையாது, ஏனென்றால் அது எல்லா வகைக்கும் மேலே பருவத்துக்குப் பருவம் நகர்கிறது. அதைத் தனி அடுக்காக, மாத வாரியாக, கிடைக்காரர்கள் சொன்ன தடங்களை வைத்து வரையப் போகிறோம். ‘தரிசு’ என்ற சொல் இறுதி வரைபடத்தில் எந்த வகைக்கும் பெயராக இருக்காது. பரப்பளவுகளைச் சொல்லும்போது பிக்சலை எண்ணி அப்படியே போடாமல், களப்புள்ளிகளில் தெரிந்த பிழையைக் கொண்டு திருத்தி, எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற அளவையும் சேர்த்துத்தான் போடுவேன்.

ஊராட்சிகளுக்கு அச்சடித்த வரைபடம் தமிழில் போகும், சர்வே எண் இல்லாமல், கண்மாய்ப் பெயர்களோடு.

திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் இந்த முறை போகவில்லை. மே மாதம் போகிறோம், அப்போது மற்றதெல்லாம் காய்ந்து சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். இதைப் படிப்பவர்களில் கமுதி, கடலாடி, முதுகுளத்தூர் வட்டத்துக்காரர்கள் இருந்தால் ஒரு உதவி: உங்கள் ஊரில் எந்தக் காட்டை எந்த வருசம், எந்த மாதம் கரிக்கு வெட்டினார்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். ஊர் பெயரும் வருசமும் போதும், யாருடைய நிலம் என்று வேண்டாம்.